ஆறு ரப்பர் பேண்ட்டும் ஒன்பது விரலும்

என்னுடைய பதினெட்டு வருட ஸ்டோர் வேலையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு, ஆயுத பூஜை அன்றைக்குத் தலைக்குக் குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, முழு பக்தியோடு செய்தது. கெடுக்க வேண்டும் என்றே ஒருத்தர் திட்டம் போட்டிருந்தால்கூட அவ்வளவு சுத்தமாகக் கெடுத்திருக்க முடியாது.

இப்போது பண்ணையில் ஸ்டோர் பார்க்கிறவர்கள் போன மாதம் போன் செய்து, குளத்தில் இறங்கும்போது காலில் மாட்டுகிற ரப்பர் பேண்ட்டை எப்படிக் கழுவி எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பட்டியல் போட்டுக் கொடுத்தால் சுவரில் ஒட்டுவீர்கள், அதன்மேல் காலண்டரை மாட்டுவீர்கள். எனக்குத் தெரியாதா? அதனால் நடந்ததையே எழுதுகிறேன். படித்தால் மறக்காது.

1. சாவிக் கொத்து

எனக்கு ஊர் நகரி. வீட்டில் நாலு பவர்லூம் தறி. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்த என்னை, புத்தூர் தாண்டித் திருப்பதி போகிற ரோட்டில் உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு தனியார் மீன் பண்ணையில் ஸ்டோர் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பதினோரு குளம். கட்லா, ரோகு குஞ்சு வளர்த்து, சித்தூர், கங்காதர நெல்லூர் பக்கத்து ஏரிகளுக்கெல்லாம் அனுப்புவார்கள். மீனைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்தது குழம்பு மட்டும்தான்.

மேனேஜர் பலமனேர்க்காரர், தெலுங்குக்காரர். தமிழும் பேசுவார், ஆனால் கோபம் வந்தால் தமிழ் ஓடிவிடும். முதல் நாளே சாவிக் கொத்தை என் கையில் வைத்து ஒரு வார்த்தை சொன்னார்.

"ஏம்மா கோமளா, ஸ்டோர்ல பொருள் தொலஞ்சா தேடலாம். கெட்டுப்போச்சுன்னா ஏமி சேஸ்தாம், என்ன பண்றது? கெடாம பாத்துக்கோ, சாலு, அது போதும்."

நான் பெரிதாகத் தலையாட்டினேன். பொருளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வீட்டில் பிறவியிலேயே வருவது என்று எனக்கு ஒரு நினைப்பு. தறி வைத்திருக்கிற வீட்டுப் பெண் அல்லவா!

2. முனிரத்தினம் அண்ணனின் கால்

வலை மேஸ்திரி முனிரத்தினம் அண்ணன் சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிடப் பத்து வயசு பெரியவர். தாய் மீனை வலையிலிருந்து எடுத்து, வயிற்றில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தே சினை முற்றிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வித்தைக்காகவே மேனேஜர் அவரிடம் மட்டும் குரலை உயர்த்த மாட்டார்.

அவருக்கு சுகர். ஒரு தடவை குளத்துச் சேற்றில் நத்தை ஓடு குத்தி, இடது காலில் புண் ஆகி, அது ஆறாமல் போய், திருப்பதி ஆஸ்பத்திரியில் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது, பாதம் வரைக்கும் போகும், இனிமேல் அந்தக் காலைத் தண்ணீரில் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தண்ணீரில் கால் வைக்காத வலை மேஸ்திரி எங்கே இருக்கிறார்? அவருக்கு வேறு வேலையும் தெரியாது. இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மேனேஜர் சென்னையிலிருந்து ஆறு ரப்பர் பேண்ட் வரவழைத்தார். பில்லில் 'வேடர்' என்று போட்டிருந்தது. அடியில் பூட்ஸ் சேர்ந்தே இருக்கும், நெஞ்சு வரைக்கும் வரும், தோளில் பட்டை. மாட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினால் நெஞ்சளவு தண்ணீரிலும் உள்ளே கால் காய்ந்தபடியே இருக்கும். ஒன்று முனிரத்தினம் அண்ணனுக்கு, மற்ற ஐந்து வலை இழுக்கிறவர்களுக்கு. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு இறங்கி ஏறி, கழற்றிப்போட்டு, காய்ந்த காலை எல்லாரிடமும் காட்டினார் அண்ணன். புதுச் செருப்பு வாங்கிய குழந்தை மாதிரி சிரித்தார்.

அந்தப் பேண்ட் இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு அந்த வேலை. அது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

முதல் வருடம் ஒரு குறையும் வரவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் குழாய் இருந்தது, பக்கத்திலேயே நிழலில் ஒரு கம்பு கட்டியிருந்தது. கழுவி அதில் தொங்கவிடுவேன், அவ்வளவுதான். அது நல்லபடியாக இருந்ததற்கு என் சாமர்த்தியம் காரணம் இல்லை, குழாயும் நிழலும் இருந்த இடம்தான் காரணம். அதுவும் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

3. பூஜை

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் தறிகளுக்குத்தான் தீபாவளி. முந்தின நாளே பஞ்சைத் தட்டி, இரும்பையெல்லாம் துடைத்து, தறி எண்ணெய் போட்டுத் தேய்ப்போம். மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்தால் தறி பளபளவென்று நிற்கும். எண்ணெய் படாத பொருளுக்குப் பூஜை செய்து எனக்குப் பழக்கமே இல்லை.

அந்த வருடம் பண்ணை ஸ்டோரையும் அப்படியே செய்ய வேண்டும் என்று தோன்றியது. வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தறி எண்ணெயும் பழைய வேஷ்டித் துணியும் கொண்டுபோனேன். மோட்டார், தராசு, தண்ணீருக்குக் காற்று ஏற்றுகிற ஏரேட்டர் எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பினால், ஆறு ரப்பர் பேண்ட்டும் சேற்றுக் கறையோடு மங்கிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. பாவமாக இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உச்சி முதல் பூட்ஸ் வரைக்கும் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். தையல் ஓரங்களில் விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். அங்கேதான் அழுக்கு அதிகம் இருந்தது.

ஜொலித்தது என்றால் அப்படி ஒரு ஜொலிப்பு. நெஞ்சில் பொட்டு வைத்து வரிசையாக மாட்டினேன். வலைக்காரர்கள் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் வந்து தொட்டுப் பார்த்து, "கொத்ததிலா உந்தி, அச்சு அசல் புதுசு" என்று சொல்லி, எனக்கு இரண்டு வாழைப்பழம் சேர்த்துக் கொடுத்தார். நான் தரையில் நடக்கவில்லை.

பேண்ட்டோடு வந்திருந்த ஆறு காகிதங்கள் மேஜை டிராயரில் கிடந்தன. சின்னச் சின்னப் படங்களும் இங்கிலீஷும். பொரிகடலை மடித்துக் கொடுக்க அளவு சரியாக இருந்தது. ஐந்தில் பொரி மடித்தேன். ஆறாவதில் விபூதியை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன்.

தூசு படக்கூடாது என்று ஆறையும் மடித்து, ஒரே பிளாஸ்டிக் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, தகரக் கூரைக்குக் கீழே பரண்மேல் ஏற்றிவைத்தேன். அவ்வளவு அக்கறை.

4. மழை

ஒரு மாதத்துக்கு மேல் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டி, தாய் மீன் இருக்கிற குளத்தில் தண்ணீர் கரையைத் தொட்டுவிட்டது. காலை பத்து மணிக்கு மேனேஜர் ஓடி வந்தார். கரை உடைந்தால் மீன் மொத்தமும் ஓடையில் போய்விடும், உடனே வலை போட்டு மேல் குளத்துக்கு மாற்ற வேண்டும் என்றார்.

நான் பரணிலிருந்து சாக்கை இறக்கி அவிழ்த்தேன். குப்பென்று ஒரு நாற்றம். கையை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. ஆறும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வந்தது. சில இடம் உப்பியிருந்தது, பூட்ஸ் சேருகிற இடத்தில் தையல் பட்டை தூக்கிக்கொண்டு நின்றது.

அந்த நேரத்தில் நான் செய்ததைத்தான் இன்றைக்கும் நினைக்கிறேன். வாசலில் முனிரத்தினம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், மழையில் நனைந்துகொண்டு. இது சரியில்லை அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருப்பதிலேயே பார்க்க நன்றாக இருந்த ஒன்றை எடுத்து, சோப்புப் போட்டுப் பிசுக்கை வழித்து, துடைத்து, அவர் கையில் கொடுத்தேன். அரைமணி வேலைதானே, அதற்குள் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அரைமணி இல்லை, மூன்று மணி நேரம் ஆனது. மற்றவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மீன் அத்தனையும் மேல் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஒன்றுகூட வீணாகவில்லை. அண்ணன் கரையேறி, கல்மேல் உட்கார்ந்து பேண்ட்டைக் கழற்றி இடது பூட்ஸைக் கவிழ்த்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. பாதம் வெளுத்து, சுண்டு விரல் இருந்த இடத்தில் தோல் கிழிந்து நின்றது.

எப்போது தண்ணீர் வந்தது என்று கேட்டேன். இறங்கின கொஞ்ச நேரத்திலேயே என்றார். ஏன் ஏறவில்லை என்று கேட்டேன்.

"வலை பாதில கீது. நான் மேல வந்தா மீன் இன்னாத்துக்கு ஆவும்?" என்றார்.

5. பஞ்சர் கடை

இரண்டே நாளில் கால் வீங்கிவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பண்ணையில் எல்லாரும் பேண்ட் விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மட்ட சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று மேனேஜரும் நம்பிவிட்டார், கம்பெனிக்கு ஒரு காரமான கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். என்னை யாரும் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எப்படியாவது ஒட்டிவிடலாம் என்று ஒரு பேண்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு புத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் குமார் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப்போட்டு அழுத்தினார். கையை எடுத்ததும் ஒட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்று தடவை செய்தார். பிறகு ரப்பரை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா, இதுக்கு எண்ணெ போட்டீங்களா?"

"பூஜைக்குத் தேச்சேன்."

"போச்சு. டியூப்ல டீசல் பட்டாலே உப்பிக்கும்கா. எண்ணெ ரப்பர துன்னுடும். இதுல இனிமே சொல்யூஷனும் புடிக்காது, ஒண்ணும் புடிக்காது."

பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தைதான் காதில் கேட்டது. ஸ்டோருக்கு வந்ததும் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தேன். வரிசையாக நாலு படம். சூரியன்மேல் சிவப்புக் குறுக்குக் கோடு. மடித்த பேண்ட்மேல் ஒரு கோடு. தீயின்மேல் ஒரு கோடு. நாலாவது படத்தில் எண்ணெய்ப் புட்டி, அதன்மேலும் ஒரு கோடு. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்றுதான் படம் போட்டிருக்கிறார்கள். பி.காம். படித்த நான் அதில் விபூதி மடித்தேன்.

யாருக்கும் தெரியாது. குமார் பண்ணைப் பக்கம் வரப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி கம்பெனிமேல் போய்விடும், என் வேலை தப்பிக்கும். ஒரு நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, எண்ணெய், அன்றைக்குக் கெட்டுப்போனதைத் தெரிந்தே கொடுத்தது, எல்லாம்.

அவருக்குத் தமிழ் ஓடிவிட்டது. கால்மணி நேரம் தெலுங்கில் திட்டினார். நகரியில் பிறந்தவளுக்குத் தெலுங்கு நன்றாகவே புரியும், அத்தனையும் புரிந்தது. கடைசியில் சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தவில்லை, தீவனக் கொட்டகைக்கு மாற்றினார். அது எனக்குக் குறைவான தண்டனைதான்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். முனிரத்தினம் அண்ணன் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்தார், அவர் மனைவி பக்கத்தில். சொல்லி முடித்தேன். அந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர் மட்டும், "தறி எண்ணெயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வாசனையா இருந்துச்சேன்னு பாத்தேன்" என்றார்.

6. ஒன்பது

மூன்று வாரம் தினமும் கட்டு மாற்றினார்கள். டாக்டர் ஒரு கட்டத்தில் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னார். அந்த வாரம் நான் வேண்டாத சாமி இல்லை. நல்லவேளை, புண் மேலே ஏறாமல் நின்று, மெதுவாக மூடியது. விரல் தப்பியது.

அண்ணன் திரும்பி வந்த அன்றைக்குப் புது ரப்பர் பேண்ட்டும் வந்து இறங்கியிருந்தது. மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். இதைப் பார்த்துக்கொள்ள நாயுடுபேட்டையிலிருந்து வேறு ஆளை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். நான் பின்னால், தீவன மூட்டைப் பக்கம் நின்றிருந்தேன்.

முனிரத்தினம் அண்ணன் கையைத் தூக்கினார்.

"வேணாம் சார். சாவிய கோமளா கிட்டயே குடுங்க."

மேனேஜருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன், அப்படிப் பார்த்தார்.

"அது ஒரு தபா கெடுத்துடுச்சு. இனிமே கெடுக்காது. புச்சா வர்ற ஆளும் ஒரு தபா கெடுத்துட்டுத்தான் கத்துக்குவாரு. எனக்கு மீதி ஒம்பது வெரலுதான் கீது சார்."

ஒருத்தர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார். நான் மூட்டைமேல் தலையை வைத்து அழுதேன். என்னால் வலி பட்ட மனுஷன், என்னை நம்பித் தன் காலை மறுபடியும் என் கையில் கொடுத்தார். இதற்கு என்ன பதில் செய்வது?

செய்ய முடிந்தது ஒன்றுதான், செய்தேன். குளத்திலிருந்து ஏறியதும், கழற்றுவதற்கு முன்பே, ஆளை நிற்கவைத்து வெளிப்பக்கம் குழாயில் கழுவிவிடுவேன். சேறு காய்ந்துவிட்டால் சுரண்ட வேண்டி வரும், சுரண்டினால் ரப்பர் போகும். கறை இருந்தால் குளிக்கிற சோப்பு. பிளீச்சிங் பவுடர் பட்ட பக்கெட்கூட வேண்டாம். உள்பக்கம் வியர்வையில் ஊறியிருக்கும், அதை இடுப்பு வரைக்கும் புரட்டி ஃபேனுக்குக் கீழே வைப்பேன். பூட்ஸுக்குள் பழைய பேப்பரை உருட்டித் திணித்து, ஈரம் ஏற ஏற மாற்றுவேன். உள்ளே காய்ந்த பிறகுதான் வெளிப்பக்கம். கை விட்டுப் பார்க்காமல் காய்ந்துவிட்டது என்று சொல்லவே மாட்டேன்.

வெயில் மட்டும் காட்டவே கூடாது. நூலைக் காயவைத்துப் பழகிய எனக்கு இதில்தான் கை தவறும், அதனால் அந்தக் கம்புக்கு மேலே ஓலையும் போட்டுவிட்டேன். பூட்ஸ் மேலே இருக்கும்படி தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், மடிக்கக் கூடாது. மடித்த இடம்தான் முதலில் வெடிக்கும். மாதக் கணக்கில் வைப்பதாக இருந்தால் டியூபுக்குப் போடுவது என்று குமார் கொடுத்த வெள்ளைப் பவுடரைத் தூவுவேன், ஒட்டிக்கொள்ளாது. ஜெனரேட்டர் ரூம் பக்கமோ தகரத்துக்குக் கீழேயோ கிடையாது. தீவன வாசனைக்கு எலி வரும், ஆகவே ஸ்டோரில் தீவனம் சிந்தினால் அன்றைக்கே பெருக்குவேன். கொடுப்பதற்கு முந்தின நாள் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஊசிமுனை ஓட்டைகூட வெளிச்சத்தில் தெரிந்துவிடும். தெரிந்தால் உப்புத்தாள், சொல்யூஷன், விரல் வைத்தால் ஒட்டாத அளவு காயவிட்டு அதற்குப் பிறகு ஒட்டு. ஓட்டை இருந்தால் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். மழை கொட்டினாலும் சரி, கரை உடைந்தாலும் சரி.

அதற்கு முன்னால் ஒரு வருடத்தில் செத்துப்போன பேண்ட், இப்படிப் பார்த்துக்கொண்டதில் ஏழு வருடம் வந்தது. ஆயுத பூஜைக்கு அவற்றைத் தொடமாட்டேன். தொங்குகிற கம்புக்குச் சந்தனம் வைத்து ஒரு முழம் பூச் சுற்றுவேன். அதுவே போதும் என்று சாமியும் ஒத்துக்கொண்டது.

முனிரத்தினம் அண்ணன் அறுபது வயசு வரைக்கும் தண்ணீரில் நின்று வேலை செய்தார். இரண்டு பெண்ணையும் படிக்கவைத்தார். வேலையை விட்ட பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காலையிலேயே போன் செய்வார். போன வருடம் முழங்கால் வலியால் நானும் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறேன், இந்த வருடம் கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன். தறியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"இன்னா கோமளா, பூஜை ஆச்சா? தறிக்கு எண்ணெ போட்டியா?"

"போட்டுக்கினு கீறேன்ணா."

"போடு, போடு. அதுக்கு நல்லா போடு." சிரித்தார். "இங்க ஒம்பதும் கீதும்மா."

ரொம்ப சந்தோஷம் அண்ணா என்று சொல்லி போனை வைத்துவிட்டு, எண்ணெய்ப் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினேன்.